வெளுக்காத குடை

— கட்டு நனையக் கூடாது, சொக்கம்மா. உன் வீட்டுக்காரர் குளிச்சா கழுத்தோட நிறுத்திக்கணும். வலது பக்கமாப் படுக்கவும் கூடாது. புரியுதா?

— புரியுதுங்க ஆலிஸம்மா. காது மொத்தமும் பூட்ச்சாங்க?

— மொத்தமும் எங்கே போச்சு? மேல் விளிம்புல ஒரு புளியங்கொட்டை அளவு அறுத்திருக்கார் டாக்டர், அவ்வளவுதான். புத்துநோய்னு சொன்னதும் நீ வெச்ச ஒப்பாரிக்கு பக்கத்து வார்டுக்காரங்க எழுந்து வந்துட்டாங்க, எந்தக் கட்டில்ல சாவுன்னு கேட்டுக்கிட்டு. வேர் விடறதுக்கு முந்தியே எடுத்தாச்சு. ஆனா இன்னொண்ணு முளைக்கக் கூடாதுன்னா வெயில் படக் கூடாது. அதுக்கு வேற மருந்தே கிடையாது.

— வெயிலு எல்லாத்துக்குந்தானேங்க படுது? எனுக்குப் படலியா, உப்பளத்துக்காரனுக்குப் படலியா?

— நம்ம தோலுக்குள்ளே கர்த்தர் ஒரு குடையை வெச்சுத்தான் அனுப்பியிருக்கார். உன் பரசுராமனுக்கு வெக்க மறந்துட்டார். பிறக்கும்போதே தலைமயிர், இமை, எல்லாமே வெளுப்பு. அதனால இவர் வெளியிலேர்ந்துதான் குடை பிடிச்சுக்கணும். அகலத் தொப்பி, காதை மூடிக்கிற மாதிரி துணி, முழுக்கை சட்டை. மேகம் போட்ட நாளுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். இப்பவே கிளம்பாதீங்க. பொழுது சாயட்டும், அப்புறம் ஜட்கா வண்டி பிடிச்சுப் போகலாம்.

— கேட்டியாய்யா, அம்மா சொல்றத?

— கேட்டேன் சொக்கி. ஒரு காதுதான கட்டிக்கீது.

— வாயப் பாருங்க. காலைல இன்னா ஆச்சு தெரியுமாங்க? வாசல்ல கீற சேவகன் இதுக்கு சலாம் வெச்சு, ‘துரை, அந்தாண்ட போங்க’ன்னு வெள்ளக்காரங்க வார்டுக்கு அனுப்பிட்டான். நான் தூக்குவாளியும் கையுமா பின்னால ஓடறேன், என்னப் புடிச்சு வெளிய தள்ளறான்.

— அவரும் ஒண்ணும் சொல்லாமப் போய் நாற்காலியில உக்காந்துட்டார்மா. கால் மேல கால். எழுந்து நின்னா, கையைப் பின்னால கட்டினபடி ஒரு பார்வை. நானே பயந்து ‘குட் மார்னிங்’ வெச்சுட்டேன்.

— அத்த வுடுங்கம்மா.

— சரி, விட்டுட்டேன். ஆனா டாக்டருக்கு ஒரு விஷயம்தான் புரியலை. அரிசிக் கிடங்குல நிழல்ல வேலைன்னு சொக்கம்மா சொன்னா. இவர் பிடரியும் நெத்தியும் புறங்கையும் கட்டுமரக்காரன் தோல் மாதிரி வெந்து கிடக்கு. ‘வருஷக்கணக்கா வெட்டவெளியில நின்ன உடம்பு இது’ன்னார். போக வர நடக்கிற வெயிலா இருக்கும்னு நான்தான் சொல்லி வெச்சேன். வரேன்மா, அங்கே கூப்பிடறாங்க.

— நீ இப்டி தூணோரமா நகந்து குந்துய்யா. கால்மேல வெயிலு வருது. இரு, கொடைய விரிக்கிறேன்.

— கொடை வாணாம் சொக்கி.

— இன்னா வாணாம்? இப்பத்தான அந்தம்மா படிச்சுப் படிச்சு சொல்லிட்டுப் போவுது. எங்கப்பன் உனுக்கு சீர்ல வெச்ச கொடை இது. எல்லாரும் பொண்ணுக்கு குடம் வெப்பான், குத்துவெளக்கு வெப்பான், இவன் மாப்ளைக்கு கொடை வெக்கிறான் பாருன்னு சாத்தாங்காடு ஊரே சிரிச்சுது. அந்த ஆளு சிரிக்கல. ‘எம் பொண்ணு தாலிய இதுதான் காப்பாத்தும்’னாரு. இன்னாது, கம்பி நவுரவே மாட்டன்னுது?

— துருப் புடிச்சிருக்கும்.

— துரு இல்ல. புதுக் கொடை இப்டித்தான் மொரண்டு புடிக்கும். ஆங், வந்துட்ச்சு. தலைய இப்டிக் குடு. யோவ்.

— இன்னா?

— கருகருன்னு கீதே.

— கறுப்புக் கொடை கறுப்பாத்தான இருக்கும், சொக்கி.

— எதுத்த வூட்டு கெங்கம்மா கொடை ஒரே கோடைல செம்பட்டையாப் பூட்ச்சு. நீ கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து தெனம் காலைல இத்தக் கக்கத்துல வெச்சுகினு போற. மடிப்பு கூட கலையல. இந்தக் கொடை வெயிலையே பாத்ததில்ல. நீதான் பாத்துக்கீற.

— நீ பத்தரமா மடிச்சு வெக்கிறல்ல, அதான்.

— டபாய்க்காத.

— இன்னா சொக்கி, ரத்தம் வந்த காதோட குந்திகினு கீறேன், கொடைக்குப் போயி—

— கொடைய எங்க வெச்சிட்டு, எங்க போயி நின்ன? உன் வேட்டி ஓரமெல்லாம் வெள்ளையாப் பூத்துகினு வரும். அரிசி மண்டில கீறவன் துணில தவுடுதான ஒட்டும், இது உப்பா கரிக்குதேன்னு ஒரு தபா நெனச்சேன். அப்பால, பாவம், எம் புருசன் எவ்ளோ வேத்துப்போறான்னு நெனச்சி தொவச்சேன்.

— கத்திவாக்கத்துல.

— கத்திவாக்கத்துல இன்னா?

— உப்பளம். கிடங்குல நான் ஒரு வாரந்தான் இருந்தேன். மூட்டைல போட்டுக்கீற எழுத்து என் கண்ணுக்குத் தெரியல, தொரத்திட்டாங்க. உங்கப்பாகிட்ட கிடங்குன்னு சொல்லியாச்சு. அப்பால எப்டி மாத்திச் சொல்றது?

— எங்கப்பன் செத்து தெவசமும் குடுத்தாச்சு. அதுக்கப்பறமும் கிடங்குதானா? சரி, வுடு. கத்திவாக்கத்துலதான நீலமேகமும் உப்பு வாரினான்? ‘அக்கா, இன்னிக்கு மாமாவ அங்க பாத்தேன்’னு எந்தம்பி ஒரு நாளும் சொல்லலியே?

— நான் பாத்தில எறங்கல. கரைமேல நிக்கிற வேலை.

— கரைமேல யாரு நிப்பா? கரைமேல துரைதான் நிப்பாரு. நீலமேகம் வூட்டுக்கு வந்ததும் அந்தத் துரையத்தான திட்டுவான், ‘கொக்கு கணக்கா நிக்கிறான் அக்கா, நிமுந்து முதுகு தேய்க்க வுட மாட்டன்றான்’னு. நீயும் பக்கத்துல குந்தி கஞ்சி குடிச்சுகினு கேப்பியே.

— ஆமா.

— இன்னா ஆமா?

— அந்தத் துரை நான்தான், சொக்கி. சிரிக்காத.

— நான் சிரிக்கல. மூச்சு வாங்குது. சொல்லு.

— நெஜத் துரை எப்பவோ ஒரு தபா குதிரை வண்டில வந்து பாத்துட்டுப் பூடுவாரு. மத்த நாள்ல கூலிக்காரங்க பயப்படணுமே. ஜெயவேல் மேஸ்திரி என்ன திருவொத்தியூர் தேரடில பாத்தான். ‘உனுக்கு ஒண்ணியும் தெரிய வாணாம், தூரமா நின்னா போதும்’னான். பழைய காலுசட்டை, கோட்டு, பூட்ஸு எல்லாம் குடுத்தான். தொப்பியும் குடுத்தான், ஆனா போட்டுக்க வுடல. தொப்பிக்குள்ள கீறவன் எவனோ கிளார்க்குன்னு நெனச்சிப்பாங்களாம். ‘கழட்டி விசிறிக்க. அந்த மயிரு வெயில்ல மின்னணும், அதுக்குத்தான் உன்ன வெச்சுக்கீறேன்’னான். பேசக் கூடாது. வாயத் தொறந்தா துரை செத்தான்.

— கொடை?

— துரை கொடை புடிப்பாரா? மேஸ்திரி குடிசைல மாட்டிட்டுப் போவேன். சாயங்காலம் எடுத்துப்பேன்.

— வேற வேலை கெடைக்கலியா உனுக்கு? கயிறு திரி, கூடை மொடை. வூட்டுக்குள்ள குந்தி செய்யற வேலை எவ்ளோ கீது. நான் செய்ய மாட்டனா, உனுக்கும் சேத்து?

— உனுக்குத் தெரியாது சொக்கி. சின்ன வயசுலேர்ந்து என்ன எவனும் பேர் சொல்லிக் கூப்ட்டதில்ல. வெள்ளக் கரப்பான்னுவான். காலைல மூஞ்சில முழிச்சா காறித் துப்புவான். அதே ஆளுங்க, நான் கரைமேல நின்னா, தலத்துணிய அவுத்து குனிஞ்சுகினு போனாங்க. ஒருத்தனும் சிரிக்கல. அந்தக் கோட்டக் கழட்டற நேரந்தான் எனுக்கு உடம்பு எரியும். நிக்கறப்ப எரியாது.

— நீ எரிஞ்ச. சரி. அது உன் தோலு. கத்திரி வெயில்ல நீலமேகம் உழுந்தானே, அன்னிக்கு யாரு கரைமேல? மத்தவங்க வந்து சொன்னாங்க. தல சுத்துது, கொஞ்ச நேரம் கீத்துக் கொட்டாய்ல ஒண்டிக்கிறேன்னு கேட்டானாம். மேஸ்திரி கரையக் காட்டி, ‘துரை பாத்துகினு கீறாரு, நான் இன்னா பண்ணட்டும்’னானாம். அன்னிக்கு நின்னது யாரு?

— நான்தான். ஆனா நான் பாக்கல. உங்கப்பா மேல ஆணையா பாக்கல. வெயிலு ஏறினா என் கண்ணு சுருங்கிப்பூடும், உனுக்கே தெரியும். அந்த உப்பும் வெயிலும் சேந்தா எல்லாம் பால் கொட்டினாப்ல இருக்கும். முன்னால ஆளு கீதா, இல்லியான்னே எனுக்குத் தெரியாது.

— ஒண்ணியும் தெரியாத கண்ணுக்குத்தான் அத்தினி பேரும் பயந்து செத்தாங்களா?

— கொடை ஆடுது சொக்கி. குடு, நான் புடிச்சிக்கிறேன்.

— கைய எடு. நான்தான் புடிப்பேன். புடிச்சுகினுதான் கேப்பேன். அவன் ஒரு பக்கம் கை கால் வராமப் படுத்ததுலேர்ந்து நீதான் பீ மூத்திரம் அள்ளற. முதுகுல புண்ணு வராம பொரட்டிப் போடற. எந்தப் புருசன் மச்சானுக்கு இத்த செய்வான்னு நான் சாமிகிட்ட கூட இல்ல, உன்கிட்ட கையெடுத்துக் கும்புட்டேன். அவன் உன் கையால ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டான். குவளையத் தட்டி வுடுவான். நா வறண்டு கெடந்தாலும், நான் வேலைலேர்ந்து வந்து ஊத்தற வரைக்கும் காத்துகினு கெடப்பான். நன்றி கெட்ட நாயேன்னு திட்டினேன். போன வெள்ளிக்கெழம கன்னத்துல ஒண்ணு வெச்சேன், அசையாத ஒடம்பப் போட்டு அடிச்சேன். வாய் நல்லாத்தான் பேசுது அவனுக்கு. ஆனா ஒரு வார்த்த சொல்லல. என்னயே பாத்தான். அப்பால செவுத்துப் பக்கம் திரும்பிகினான்.

— படுத்தவனுக்குக் கோவம் வரும்.

— இல்ல. அவனுக்குத் தெரியுமா?

— எப்டித் தெரியும்? கோட்டு, பூட்ஸு, அவ்ளோ தூரம்.

— ஜட்காக்காரன் வந்து நிக்கிறான் பாரு. நீ இப்ப சொல்றதுல கீது, நான் உன்கூட ஏறுறதா, உன்ன ஏத்தி வுட்டுட்டு வேற பக்கம் நடக்குறதான்னு. கண்ணு தெரியாது, நம்புறேன். காது? இன்னிக்கு அறுத்தாங்களே, அது அன்னிக்கு முழுசாத்தான இருந்துச்சு. அவன் உழறப்ப உனுக்கு ஒண்ணியும் கேக்கலியா?

— கூலிங்க கூச்சல் போட்டாங்க.

— அது உழுந்தப்பறம். அதுக்கு முந்தி கரைகிட்ட வந்தானாமே. துரைகிட்டயே போயி தண்ணி கேட்டுட்டான்னு சொன்னாங்க. எவனுக்கும் இல்லாத தைரியம் எந்தம்பிக்கு வந்துச்சேன்னு நான் பெருமையா கேட்டுகினு இருந்தேன். எவ்ளோ கிட்ட வந்தான்?

— கை நீட்னா தொட்டிருப்பேன்.

— நீட்னியா?

— மேஸ்திரி அந்தாண்ட நின்னுகினு இருந்தான். பத்து வாட்டி சொல்லிக்கீறான், பேசக் கூடாதுன்னு. நான் கையப் பின்னால கட்டிகினு, கடல் பக்கம் திரும்பி நின்னேன்.

— யாரோ ஒரு கூலி, துரைகிட்ட தண்ணி கேக்கறான். உனுக்கு மூஞ்சி தெரியல. அதான? அதச் சொல்லு. ‘துரை, தண்ணி’ன்னு யாரோ கேட்டான், எனுக்கு ஆள் தெரியலன்னு சொல்லு. அத்த வெச்சுகினு நான் வூட்டுக்கு வரேன்.

— துரைன்னு கூப்புடல, சொக்கி.

— பின்ன?

— ‘மாமா, தண்ணி’ன்னான்.