எண்ணெய் மணம் ஏறாத டிராம்

பார்வையற்றோர் நடைப்பயிற்சி நிலையத்திலிருந்து ஓய்வுபெறும் வைதேகி அம்மையாருக்கு உடன் பணிபுரிந்தோர் அளிக்கும் பாராட்டு மடல்
கார்ல்ஸ்ரூஹே, மேற்கு ஜெர்மனி, 1979

வெண்கோலுக்கு வழி சொன்ன வித்தகியே! கண் காணாதவரைக் கச்சேரிக்கும் காட்சிச்சாலைக்கும் தன்னந்தனியே போகப் பழக்கிய தகைமையே! அதட்டலில் அன்பை ஒளித்துவைத்த அம்மையீர், வணக்கம்!

தங்கள் பெருமைகளை அடுக்கினால், "போதும், டிராமுக்கு நேரமாச்சு" என்பீர்கள். ஆகவே ஒரேயொரு சனிக்கிழமையை மட்டும் சொல்லிவிடுகிறோம்.

இங்கு ஆராய்ச்சிக்கு வந்து ஆய்வுக்கூட விபத்தில் பார்வை இழந்த உமாபதிக்குக் கால்பந்து என்றால் உயிர். பந்து தெரியாவிட்டால் என்ன, கூட்டத்தின் இரைச்சலே போதும் என்பார். அவரை ஊருக்கு அழைத்துப்போக அண்ணன் சேதுராமன் வந்துவிட்டார். பார்வையில்லாத தம்பியை அந்நிய மண்ணில் விட்டுவிட்டு எப்படித் தூங்குவேன் என்று அவர் கேட்டதிலும் தப்பில்லை. மைதானத்துக்கு ஒருமுறை தனியே வந்து சேர்ந்தால் இங்கேயே இருக்கட்டும், இல்லையேல் விமானம் ஏறட்டும் என்று முடிவாயிற்று. அந்தச் சனிக்கிழமை சேதுராமன் முன்னதாகவே போய் மைதான வாசலில் நின்றார்.

அதுவே பயிற்சியின் கடைசி நடை. அதில் ஆசிரியர் பின்தொடரலாம், வாய் திறக்கலாகாது. சத்தம் கேட்குமென்று வளையல்களைக் கழற்றி வைத்தீர்கள். தலையில் தடவிய தேங்காய் எண்ணெயைத்தான் மறந்துவிட்டீர்கள்! அந்த மணம் பின்னால் வந்துகொண்டிருக்கும்வரை உமாபதிக்குப் பயமே இல்லை.

நிறுத்தத்தில் ரசிகர் கூட்டம் முண்டியடித்தது. உமாபதி ஏறினார், கதவு மூடிக்கொண்டது. பீர் நெடி, சுருட்டு நெடி, ஈரக் கம்பளி நெடி. எண்ணெய் மணத்தை மட்டும் காணோம். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நின்றால் தாங்கள் வந்துவிடுவீர்கள். ஆனால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு நல்ல மனிதர் அவர் கையைப் பற்றித் தவறான இடத்தில் இறக்கப் பார்த்தார். யாரும் உன்னைப் பிடித்து இழுக்க விடாதே, நீ அவர் முழங்கையைப் பிடி என்று தாங்கள் ஆயிரம் தடவை அதட்டியது காதில் கேட்டது. உமாபதி கையை மெல்ல விடுவித்து, அந்த மனிதரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, மைதானம் இதுவல்லவே என்றார். மைதான நிறுத்தத்தில் தானே இறங்கி, கோலைத் தட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

வாசலில் அண்ணனும் தம்பியும் பிரெட்சல் ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது, மூச்சிரைக்க எண்ணெய் மணம் ஓடிவந்தது. ஒரு பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனே என்று அடுத்த டிராம் முழுக்க அழுதிருக்கிறீர்கள்.

"நீங்க ஏறலைன்னு அப்பவே தெரியும் மேடம், வாசனை இல்ல," என்றார் உமாபதி. "ரொம்பப் பயந்துட்டேன். ஆனா இன்னைக்குத்தான் நெஜமாவே தனியா வந்தேன்."

சேதுராமன் ஒற்றையாளாய் ஊர் திரும்பினார்.

அம்மையீர்! நாளை முதல் எங்கள் பின்னாலும் அந்த மணம் வராது. பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் போய்ச் சேர்ந்துவிடுவோம். முழங்கால் வலி நீங்கி, மூச்சிரைப்பு நீங்கி, மகிழ்வோடு நெடுநாள் வாழ்க! வரும் சனிக்கிழமை மைதானத்துக்குப் புறப்படுங்கள். கூட்டம் அதிகமாக இருக்கும். உமாபதியின் முழங்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அவர் கூட்டிப்போவார்.

இங்ஙனம்,
மடலை எழுதிய கிரிஜாவும்,
ஒரு வரிகூடப் புரியாமலே கண்கலங்கிக் கையொப்பமிட்ட ஜெர்மானியத் தோழர்களும்