பாலுசாமியின் முதுகில்

– மறதிக்கு ஒட்டற பேட்சைப் பெரிசா மாத்தச் சொல்லுங்க சிஸ்டர். சின்னதுக்கு ஒண்ணுங்கேக்கலை. யாரோ ஒருத்தி ஊட்டுக்குள்ள வாரான்னு இன்னும் சொல்லிட்டேதான் இருக்காரு.

– டாக்டர் அதுக்குத்தானுங்கம்மா என்னை அனுப்பிச்சாரு. சின்ன அளவு ஒடம்புக்கு ஒத்துக்கிச்சான்னு ஒரு மாசமாவது பாத்துட்டுத்தான் கூட்டுவோம். பாலுசாமி ஐயா, கையைக் குடுங்க, நாடி பாக்கறேன்.

– பாரு கண்ணு. பெல்ட் லூசான லேத்தாட்டம் ஓடுது.

– ஆமாங்கய்யா, ரொம்ப மெதுவா இருக்குது. சாந்தாமணியம்மா, வாந்தி எடுத்தாரா?

– எடுக்கறாருங்க. சோறே எறங்கறதில்லை. நேத்து எந்திரிக்கும்போது தலை சுத்தி உக்காந்துபோட்டாரு.

– ஒடனே ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மா. பேட்ச் எங்க ஒட்டறீங்க?

– கெசியா சிஸ்டர் நீங்க காட்டித்தந்த மாதிரியேதான். காத்தால பழசை உரிச்சுப்போட்டு, தோள்ல புதுசு ஒண்ணு. அதுல நான் தப்பே பண்றதில்லீங்க.

– ஐயா, சட்டையைக் கொஞ்சம் தூக்குங்க... கர்த்தரே! அம்மா, முதுகுல ஒண்ணு இருக்குது. அதுக்குங்கீழ இன்னொண்ணு.

– ஐயோ, நான் ஒட்டலீங்க!

– அவரு கை இங்க எட்டாதே. ஊட்டுல வேற யாரு இருக்காங்க?

– யாருமில்லீங்க. பையன் கதிர் பெங்களூர்ல இருக்கறான். நாங்க ரெண்டு பேருதான்... சிஸ்டர், கதிர்கிட்டகூட இதைச் சொல்லலை. எனக்கும் பயமா இருக்குதுங்க.

– எதுக்கும்மா?

– நெசமாவே யாரோ வந்து போறாங்க. அரிசி களையலாம்னு போனா, குக்கர்ல சோறு வெந்து சூடா இருக்குது. சாயங்காலம் வாசல் தெளிக்கப் போனா, ஈரங்காயாம கோலம் கெடக்குது. பூட்டைக்கூட மாத்திப்போட்டேன். அப்பவும் வாரா.

– அதை அப்புறம் பேசலாம். மருந்து மூணு பங்கு உள்ள போயிருக்குது, அதனாலதான் நாடி எறங்கியிருக்குது. மூணையும் உரிச்சுட்டேன், தொடைக்கணும். இன்னைக்கு வேற எதும் ஒட்டக்கூடாது. இப்பவே டாக்டருக்குச் சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறோம். மறுபடி எப்ப, எந்த அளவுல ஆரம்பிக்கறதுன்னு அவருதான் சொல்லணும்.

– அப்ப பெரிசு ஒட்ட மாட்டீங்களா? அவ வந்துட்டே இருப்பாளேங்க!

– சோப்பும் தண்ணியும் கொண்டாங்கம்மா.

– சரிங்க, வாரேன்.

– ஐயா, அம்மா உள்ள போயிட்டாங்க. நெசத்தைச் சொல்லுங்க. யாரு வாரது?

– மெதுவாப் பேசு கண்ணு, அவ காதுல உழுந்துரும். அவகிட்ட ‘யாரோ ஒருத்தி’ன்னுதான் சொல்லி வெச்சிருக்கறேன்.

– ஏனுங்கய்யா?

– தெரிஞ்சா தாங்க மாட்டா. வெய்யில் ஏறுச்சுன்னா சாந்தாமணி வேற ஆளாயிருவா. ‘பாவம், உங்களைப் பாத்துக்க ஆளே இல்லீங்களா’ன்னு கேட்டுட்டு எம்பட முதுகுல ஒண்ணு ஒட்டுவா. அப்புறம், ‘எங்க ஊட்டுக்காரரு தேடுவாரு, நான் வாரனுங்க’ன்னு எங்கிட்டயே சொல்லிப்போட்டுக் கெளம்புவா.