பஞ்ச் மெஷினுக்கு நெட் வந்தது

— மறுபடியும் பாஸ்வேர்டு தப்புன்னு காட்டுது பாரு ருக்மணி.

— மூணு நாளா இதே பாட்டுதான் பாய். திங்கக்கெழம எடுக்கல, நேத்து எடுக்கல, இன்னிக்கும் எடுக்கல. ஓசூர்ல பாதி கம்பெனி பஞ்ச் மெஷினுக்கு சாந்த் பாஷாதான் வைத்தியருன்னு பேரு. எங்க கேட்டுக்கு வந்தா மட்டும் உங்க கை ஓடல.

— பொறும்மா, பொறு. ஜூஜுவாடில ரெண்டு கம்பெனி பாத்துட்டு, சோறுகூட துன்னாம வரேன். சனிக்கெழம ராத்திரி இவுங்க வைஃபை டப்பாவ மாத்திட்டாங்க. பேரும் புதுசு, பாஸ்வேர்டும் புதுசு. இது பழசயே தேடிக்கினு நிக்குது.

— அது எதயோ தேடட்டும். என் கத என்னா? விரல வச்சா ‘தேங்க் யூ’ன்னுது. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஆப்சென்ட்டுன்னு கெடக்குது. சூப்பர்வைசரு வருகை நோட்ட என் தலையில கட்டிட்டாரு, எல்லாரு பேரயும் நான் எழுதணுமாம். பேக்கிங்ல எட்டு மணி நேரம் நின்னுட்டு இதுவும் பண்றேன். கால் ரெண்டும் கழண்டு போவுது.

— வச்ச விரல் எல்லாம் மெஷின் உள்ளாறயே இருக்கும்மா. நெட்டு வந்ததும் மொத்தமா போயிடும்.

— போவலன்னா? ரெண்டு வருசத்துல நானூத்தி எண்பது நாளு வேல செஞ்சா பர்மனென்ட் பண்ணணும்னு சட்டம் இருக்குதே. சனிக்கெழமயோட எனக்கு நானூத்தி எழுவத்தேழு. இன்னிக்கோட எண்பது ஆவுது. இந்த மூணு நாளு காத்துல போச்சுன்னா நான் எங்க போய் முட்டிக்கிறது?

— தெரியும்மா. மொத நாளே சொன்ன.

— பேக்கிங்ல எங்கூட நின்ன காவியாவப் பாத்தீங்கல்ல? போன மாசம், நானூத்தி எழுவத்தொம்போது. காலையில வந்து விரல வச்சா ‘பதிவு இல்லை’ன்னுச்சு. மெஷினு சொல்லிச்சு, அவ்ளோதான். டிபன் பாக்ஸத் தூக்கிக்கினு திரும்பிப் போனா.

— பாத்தேன். அன்னிக்கு நெட்டு நல்லா ஓடுச்சு. ஆபீஸ்ல பேர எடுத்தாங்க, அடுத்த நிமிஷம் இங்க வந்து சேந்துடுச்சு. அந்த நெட்ட போட்டுக் குடுத்தவனும் நான்தான். அன்னிக்கு எனக்கு சோறு எறங்கல.

— இருங்க, இருங்க! பாஸ்வேர்டு எழுதுன சீட்டுல கடைசில ரெண்டு ஏழு இருக்குது. நீங்க ஒண்ணுதான் அமுக்குனீங்க.

— அப்படியா? கண்ணு தெரியலம்மா.

— நேத்தும் ஒண்ணுதான் அமுக்குனீங்க. எனக்கு எரிச்சலாப் போச்சு, மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன், வேற ஆள கூப்புடுங்கன்னு. தப்பா நெனச்சுக்காதீங்க பாய்.

— கூப்புட்டு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க. நாளையிலேர்ந்து இங்க வேற பையன் வரானாம். விடு. மணி என்னா?

— மூணு ஆவுது. ஊத்தங்கரை பஸ்ஸு போயிடும்.

— அவுட் பஞ்ச் வச்சிட்டியா?

— நெட்டு வந்ததும் வைக்கலாம்னு நின்னுக்கினு இருக்கேன்.

— மொதல்ல வை.

— நெட்டு இல்லாம வச்சு என்னாத்துக்கு?

— சொன்னாக் கேளு. விரல நல்லா தொடச்சுட்டு வை.

— ‘தேங்க் யூ’ன்னுடுச்சு. சந்தோசமா?

— ம். ரெண்டு ஏழா?

— ரெண்டு ஏழு.

— இந்தா, கனெக்ட் ஆயிடுச்சு.

— அடப்பாவமே! ஒரே தடவயில! இதுக்கா மூணு நாளு என் உசுர வாங்குனீங்க?

— ஏறிக்கினு இருக்கு. உன் பேருக்கு திங்க, செவ்வா, இன்னிக்கு, மூணும் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போயிடுச்சு. என் செல்லுல பாரு. இத ஒரு போட்டோ எடுத்து வச்சுக்க.

— போட்டோ என்னாத்துக்கு பாய்?

— எடும்மா.

— எடுத்துட்டேன்.

— இப்ப இன்னொரு தடவ விரல வை.

— ‘பதிவு இல்லை’ன்னுது... பாய்! ‘பதிவு இல்லை’ன்னுது! தொடச்சுட்டுதான் வச்சேன். அய்யோ, என்னா பண்ணீங்க?

— நான் ஒண்ணும் பண்ணல. உன் பேர எடுக்கச் சொல்லி ஆபீஸ்ல போட்டது திங்கக்கெழம காலையில, மொத ஷிஃப்ட்டுக்கு முன்னாடியே. என் செல்லுல அன்னிக்கே பாத்துட்டேன். மெஷினுக்கு இப்பதான் சேதி வந்து சேந்துச்சு.

— திங்கக்கெழமயா? அப்ப நீங்க அந்த ஏழ...

— அழுவாத. நோட்ட எடு. உன் பேருக்கு நேரா, இன்னிக்கு எத்தனாவது நாளுன்னு எழுது.

— நானூத்தி எண்பது.