நடுப் பெடல்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, இன்ஸ்பெக்டர். ஊரே இதைச் சொல்லிச் சிரிக்கும். அந்த ஆல்டர்சன் காரை இத்தனை வருஷமா பாத்துக்கிட்டது நான்தான். இஞ்சினை முழுசாப் பிரிச்சு மாட்டியிருக்கேன். எந்த ஸ்க்ரூ எங்க போகும்னு கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவேன். ஆனா ஓட்டுற சீட்டுல உக்காந்தா உள்ளங்கை வேர்த்துடும். பொறந்ததுலேருந்தே நான் பயந்தாங்கொள்ளி. அதை மனசுல வெச்சுக்கிட்டு மத்ததைக் கேளுங்க.

வண்டியோட கதையைச் சொன்னாத்தான் என் கதை புரியும். அது 1931-ல கட்டினது. ஆல்டர்சன் சின்னக் கம்பெனி, பத்து வருஷங்கூடத் தாக்குப்பிடிக்கல. ஆனா அவங்க கட்டின நாலு சீட்டு ஸ்போர்ட்ஸ் காருக்கு அப்போ அவ்வளவு பேரு. நீள மூக்கு, மேல கூரை கிடையாது, மரச் சட்டத்து மேல கையால அடிச்ச அலுமினியத் தகடு. முதல்ல வாங்கினவர் ஒரு விமானப்படை ஆபீசர். கடற்கரை மணல்ல பந்தயம் ஓட்டிக்கிட்டு இருந்தவர், கல்யாணம் ஆனதும் மாமனார் பேச்சைக் கேட்டு எங்கப்பாவுக்கு வித்துட்டார். யுத்தம் வந்தப்போ அப்பா சக்கரத்தைக் கழட்டி வண்டியை வைக்கோல் போருக்குள்ள ஒளிச்சு வெச்சார். சீட்டுல கோழி அடைகாத்துச்சு. யுத்தம் முடிஞ்சு வெளிய எடுத்தா முதல் சுத்துலயே ஸ்டார்ட் ஆச்சுன்னு சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தார். அது புளுகு. நாள் கணக்கா மல்லாடினோம்.

மத்த ஆல்டர்சனுக்கெல்லாம் நல்ல சாவு வரல. பந்தயப் பித்து பிடிச்சவங்க அந்தத் தகட்டு உடம்பை அறுத்துக் குப்பையில போட்டுட்டு, லேசா ரெண்டு சீட்டு வெச்சுக் கட்டிக்கிட்டாங்க. கம்பெனி போட்ட உடம்போட மிச்சம் இருக்கிறது எங்களோடது ஒண்ணுதான்.

பெடலைப் பத்தி நீங்க கேட்டீங்க. அந்தக் காலத்து வண்டி நிறையதுல ஆக்சிலேட்டர் நடுவுல இருக்கும், பிரேக் வலது ஓரத்துல. எங்களோடதும் அப்படித்தான். 1938-ல அப்பாவோட சிநேகிதர் மிஸ்டர் பாரிஷ் ஒரு சுத்து ஓட்டிப் பாக்கிறேன்னார். அவர் சொந்த வண்டியில நடுவுல பிரேக். அப்பா எல்லாத்தையும் சொல்லித்தான் அனுப்பினார், அவரும் நல்லாத்தான் ஓட்டினார். மில்லுக்கிட்ட ஒரு நாய் குறுக்க ஓடிச்சு. எனக்கு ஒன்பது வயசு, வேலிக் கேட்டு மேல உக்காந்து பாத்துக்கிட்டிருந்தேன். பிரேக் போடுற சத்தம் வரல. இஞ்சின் அலறுற சத்தம்தான் வந்துச்சு. மில் சுவத்துல போய் மோதினார். அதுக்கப்புறம் அவர் நடக்கவே இல்ல. அந்த அலறல் இன்னிக்கும் தூக்கத்துல கேக்குது, வாரிச் சுருட்டிக்கிட்டு எந்திரிப்பேன். அப்பா அன்னிக்கு ஒண்ணு சொன்னார்.

"தலை கத்துக்கும் ஹெஸ்டர். ஆனா பயந்துட்டா கால் பழைய எடத்துக்குத்தான் போகும்."

அப்பா போனப்புறம் வண்டி தம்பி ஆப்ரிக்கு வந்துச்சு. ஆம்பளைப் பிள்ளை இல்லையா. ஓட்டுறது அவன், ரிப்பேர் பாக்குறது நான். பெடலை இப்பத்து வண்டி மாதிரி மாத்திக் குடுன்னான், நடுவுல பிரேக் வெச்சு மாத்திக் குடுத்தேன். பழைய பெடலையும் கம்பிகளையும் எண்ணெய் தடவித் துணியில சுத்தி வெச்சேன். இருபது வருஷத்துக்கு மேல அவன் அப்படியே ஓட்டினான்.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேஜையில கறியைத் துண்டு போட்டுக்கிட்டே சொன்னான். வண்டியோட உடம்பை எடுத்துடப் போறானாம். ரெண்டு சீட்டு போட்டா கார் கிளப்போட மேடேறுற பந்தயத்துல இன்னும் வேகமா ஏறுமாம். கிளப்பு ஓட்டம் முடிஞ்ச திங்கக்கிழமை தகடு வேலைக்காரர் வர்றாராம். அது அம்பது வருஷத்து உடம்புடான்னேன்.

"உனக்கும் கிட்டத்தட்ட அதே வயசுதான் ஹெஸ். பயப்படாதே, உன்னை யாரும் அறுக்கப் போறதில்ல"ன்னு சிரிச்சான்.

தட்டுல இருந்த கறியை என்னால பாக்க முடியல. அன்னியிலேருந்து எங்கயாவது ரம்பம் ஓடுற சத்தம் கேட்டாக்கூட ஷெட்டுக்கு ஓடிப் போய் வண்டி இருக்கான்னு தொட்டுப் பாத்துட்டு வருவேன். கல்யாணம் காட்சின்னு எனக்கு ஒண்ணும் இல்ல, இன்ஸ்பெக்டர். காலையில எந்திரிச்சா போய் நிக்க அந்த ஷெட்டு இருந்துச்சு, அவ்வளவுதான்.

அவன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டேன். வெட்டுறதுக்கு முன்னால கடைசியா ஒரு தடவை, கம்பெனி விட்ட மாதிரியே மேடு ஏறட்டும், பெடல் உட்பட. ஒரு படம் எடுத்து வெச்சுக்கறேன்னேன். "சரி ஹெஸ், உனக்காக"ன்னான். நல்ல பிள்ளை. நான் அவனைக் கெட்டவன்னு ஒரு நாளும் சொன்னதில்ல.

பழைய பெடலை நான்தான் மாட்டினேன், அவனுக்குத் தெரிஞ்சுதான் மாட்டினேன். வீட்டு முத்தத்துல சுத்திச் சுத்தி ஓட்டிப் பழகினான். ரெண்டு மூணு தடவை தப்பா மிதிச்சான், பிறகு கைவந்துடுச்சு. அப்படி ஓட்டிப் பாத்தா மனசு மாறிடுவான்னுதான் நெனச்சேன். இதைக் கட்டாயம் எழுதிக்கோங்க.

ஓட்டத்தன்னிக்கு ஸ்டோக்காம் மேட்டுல, சர்ச் வளைவுல கொடி புடிச்சு நின்னேன். வருஷா வருஷம் அது என் எடம். செவப்புக் கொடியைத் தூக்கினா, ஓட்டுறவன் யாரா இருந்தாலும் அந்த எடத்துலயே நிறுத்தியாகணும், ஏன் எதுக்குன்னு யோசிக்கக் கூடாது. மேட்டுல ஏறுறவங்களுக்கு அது வேதவாக்கு. என்கூட நின்ன மிஸ்டர் ஓகில்வி அப்போ திரும்பி உக்காந்து பிளாஸ்க்குலேருந்து டீ ஊத்திக்கிட்டு இருந்தார்.

ஆப்ரி அழகா வந்தான். இஞ்சின் சத்தத்துல ஒரு பிசிறு கூட இல்ல. வளைவுக்கு முன்னால அவன் முகம் தெரிஞ்சுச்சு, என்னைப் பாத்து ஒரு கையைத் தூக்கினான். நான் கொடியைத் தூக்கினேன். தடத்துல ஆடு, தடத்துல ஆடுன்னு கத்தினேன். அதுக்கப்புறம் எனக்கு ஒன்பது வயசுல கேட்ட அதே அலறல். எல்ம் மரத்துலதான் போய் நின்னுச்சு.

ஆடு எதுவும் இல்ல, இன்ஸ்பெக்டர். தான் பாக்கலன்னாலும் ஹெஸ்டர் பொய் சொல்ல மாட்டாள்னு மிஸ்டர் ஓகில்வி சொல்லியிருப்பார். அவரைச் சொல்லிக் குத்தமில்ல. பயம். மறுநாள் திங்கக்கிழமை, தகடு வேலைக்காரர் வர்ற நாள். கை தானா மேல போயிடுச்சு. பயந்துட்டா கால் தன் போக்குல போகும்னா கை போகாதா?

அடுத்தது டாக்டர் சொன்னதைக் கேப்பீங்க. சரி.

நான்தான் முதல்ல அவன்கிட்ட ஓடினேன். ஸ்டீயரிங் அவன் நெஞ்சை அமுக்கிக்கிட்டு இருந்துச்சு. வண்டியோட மூக்குதான் போச்சு, உடம்பு அப்படியே நின்னுச்சு. ஆப்ரி கண்ணைத் திறந்தான். என் காதுக்கு மட்டும் கேக்கிற மாதிரி, "ஆட்டுக்கு ஒண்ணும் ஆகலையே?"ன்னான்.

இல்லப்பான்னேன். அவன் கண்ணை மூடிக்கிட்டான்.

அப்புறம் கிளப்பு ஆளுங்க தகடு அறுக்கிற மெஷினோட ஓடி வந்தாங்க. பக்கவாட்டை அறுத்தாத்தான் வெளிய எடுக்க முடியும், எங்க அறுக்கிறதுன்னு என்னைக் கேட்டாங்க. அந்த வண்டியைத் தெரிஞ்சவ நான்தானே. என் விரல் அவன் மணிக்கட்டுல இருந்துச்சு. நாடி ஓடிக்கிட்டு இருந்துச்சு, சின்னதா, ஆனா ஒழுங்கா. ஷெட்டுல இஞ்சினைக் கேட்டுக் கேட்டுப் பழகின கை, எனக்குத் தெரியாதா? "அறுக்க வேண்டாம், அவன் போயிட்டான்"னு சொன்னேன்.

அவங்க தொப்பியைக் கழட்டிட்டு மெஷினைப் புல்லு மேல வெச்சுட்டாங்க. டாக்டர் வர்ற வரைக்கும் நான் அவன் கையை விடல. நாடி எப்போ நின்னுச்சுன்னும் எனக்குத் தெரியும். மோதின ஒடனே அவன் சாகலன்னு டாக்டர் சொன்னது சரிதான்.

கொடியைத் தூக்கினது பயத்துலதான், அதை நான் எங்க வேணும்னாலும் சொல்லுவேன். ஆனா அவன் போயிட்டான்னு சொன்னப்போ என் கை நடுங்கல. உள்ளங்கை காஞ்சு கெடந்துச்சு. பொறந்ததுலேருந்து எனக்குப் பயமே இல்லாம இருந்தது அந்தக் கொஞ்ச நேரந்தான்.