அஞ்சு செல் ரிப்போர்ட்

— அஞ்சே அஞ்சு செல்லுதானாம் சுபா. மிஞ்சிப் போனா ஆறு. அத வச்சுத்தான் நம்ம கடைசிக் கருவுக்கு ஜீன் டெஸ்ட் ரிப்போர்ட் எழுதியிருக்காங்க.

— மெதுவா பேசுங்க, பக்கத்துல ஆளுங்க உட்கார்ந்திருக்காங்க. என்னை பிரஷர் பார்க்க அனுப்பிட்டு இந்த டாக்டரம்மாகிட்ட இதத்தான் கேட்டுட்டு இருந்தீங்களா?

— கேளு. அந்த செல்லும் வெளிப்பக்கத்துல கிள்ளி எடுத்ததாம். பின்னால நஞ்சுக்கொடியா ஆகுற பக்கம். குழந்தையா வளர்ற பக்கத்த யாரும் தொட்டே பார்க்கல.

— பழைய ஆஸ்பத்திரில கோளாறுன்னு சொன்னாங்களே.

— கலப்புன்னுதான் போட்டிருக்கு. கொஞ்சம் செல் நல்லது, கொஞ்சம் கோளாறு. அப்படிப்பட்ட கருவ வச்சும் நல்லபடியா பெத்தவங்க இருக்காங்களாம். தங்காம போனதும் உண்டாம். உறுதியா எதுவும் சொல்ல முடியாதுங்கறாங்க.

— அப்ப விடுங்க.

— எப்படி விடுறது? திருவெறும்பூர்ல இருபது வருஷமா வெல்டிங் செக் பண்றவன் நான். குழாய்ல விரிசல்னு மெஷின் காட்டினா உடனே ஸ்கிராப்னு எழுதிட மாட்டேன். இன்னொரு மெஷின் வச்சு திரும்பப் பார்ப்பேன். இரும்புக்குப் பார்த்தேன், இதுக்குப் பார்க்கல.

— டாக்டர் சொன்னத நம்புனீங்க. அதுல உங்க தப்பு என்ன இருக்கு?

— இருக்கு. உன்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். தை மாசம் ஸ்ரீரங்கத்துல உங்க கமலினி அக்கா வீட்டுக்குப் பேப்பர் கொண்டு வந்தேன்ல? கருவ இன்னும் ஒரு வருஷம் ஃப்ரீஸர்ல வைக்கணும்னு சொல்லி கையெழுத்து வாங்கினேன்ல?

— ம்.

— வைக்கறதுக்கு இல்ல சுபா. அழிச்சுடச் சொல்லி. மூணாவது தடவையும் நிக்காம நீ கிடந்த கிடைய என்னால பார்க்க முடியல. உன்னக் கேட்டா, இதையும் வச்சுப் பார்க்கலாம்னு சொல்லிடுவியோன்னு பயந்துட்டேன். அவங்களும் அழிச்சுட்டாங்க. இனிமே முட்டை எடுக்கவும் வழியில்லன்னு ஸ்கேனைப் பார்த்துட்டு இந்த டாக்டரம்மாவும் சொல்லிட்டாங்க. உன் கையாலயே கையெழுத்து போட வச்சுட்டேனே.

— தெரியும்.

— என்ன தெரியும்?

— அக்கா காபி போட உள்ள போனப்ப முழுசா படிச்சேன். தமிழ்லயே அச்சடிச்சிருந்துச்சு. படிச்சுட்டுத்தான் போட்டேன்.

— ஏன் ஒரு வார்த்தை சொல்லல?

— சொன்னா மனசு மாறி, இதையும் வச்சுப் பார்க்கலாம்னு சொல்லிடுவீங்களோன்னு பயம். இன்னொரு ஊசி என்னால முடியாதுங்க. நாலு வருஷத்துல அன்னைக்குத்தான் நான் நல்லா தூங்கினேன்.