உறைபனிக்கு நாள் பார்த்தவன்

“கத்தரிக்காய் காய்க்காத ஊர்ல நான் எத்தினி நாளுப்பா இருப்பேன்? கொஞ்ச நாள் பார்ப்பேன், ஜல்தியா ஓடியாந்துடுவேன்.”

“காய்ச்சிடுச்சின்னா?”

“காய்ச்சிடுச்சின்னா நீ வந்து பறிச்சிக்கோ.”

மூன்று வருடங்களுக்கு முன்பு, விமான நிலையத்துக்குப் போகும் கார் வாசலில் நிற்கும்போது, என் மகள் தேவிப்ரியாவும் நானும் பேசிக்கொண்டது இது. அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். ஆனால் சொன்ன சொல்லை நான் மறக்கிறவன் இல்லை.

ஆரணியில் எங்கள் தெருவில் லோகநாதனைக் கேட்காமல் யாரும் பாவு நீட்ட மாட்டார்கள். தெரு நீளத்துக்குப் பட்டு இழைகளை இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவிய பிறகு தூறல் விழுந்தால் அவ்வளவும் வீண். அதனால் விடியும் முன்பே தறிக்காரன் பரசுராமன் என் வாசலில் வந்து நிற்பான். “அண்ணே, இன்னைக்கு நீட்டலாமா?” நான் வானத்தைப் பார்த்துச் சொல்லுவேன். முப்பது வருடங்களில் ஒரு முறைகூடத் தப்பியதில்லை.

தேவியும் அதைப் பார்த்து வளர்ந்தவள்தானே. கனடாவில் கால்கரி என்ற ஊருக்குப் போன பிறகும், தோட்டத்தில் கத்தரிச் செடி நட நாள் கேட்டு என்னைத்தான் கூப்பிட்டாள். அந்த ஊர் வசந்தத்தை நம்பவே முடியாது. இன்று வெறும் சட்டையோடு திரியலாம், நாளை விடிந்தால் தரையெல்லாம் வெள்ளை. அதனால் அந்த ஊர் வானிலையை என் போனில் வைத்துக்கொண்டேன். ஏப்ரல் பிறந்தால் ஒரு நாளைக்கு மூன்று முறை பார்ப்பேன். முதல் வருடம், வியாழக்கிழமை உறைபனி, மைனஸ் நான்கு டிகிரி என்று காட்டியது.

புதன்கிழமை நடச் சொன்னேன்.

விதைகளை அனுப்பியதும் நான்தான். சேத்துப்பட்டுச் சந்தையில் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, அந்தப் பக்கம் போகிறவர்களிடம் கொடுத்தனுப்புவேன். கெட்ட விதையை அனுப்பியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். பெற்ற பெண்ணுக்கு யாராவது கெட்ட விதை அனுப்புவார்களா?

இரண்டாம் வருடம் அவள் ஜன்னலோரம் தொட்டி வைத்து எட்டு வாரம் நாற்று வளர்த்தாள். எல்லாவற்றிலும் உயரமான செடிக்கு ‘லோகு’ என்று என் பெயரையே வைத்திருந்தாள். நான் நாள் குறித்தேன். லோகு ஓர் இரவுதான் தாங்கினான்.

“எல்லாம் கறுத்துப்போச்சிப்பா. வேகவெச்ச கீரை மாதிரி கீது” என்று அழுதாள்.

“மண்ணு சரியில்லையோ என்னமோ” என்று ஆறுதல் சொன்னேன். மனசு விட்டுப்போனால் கிளம்பி வந்துவிடுவாள் என்று காத்திருந்தேன். அவள் அடுத்த வருடத்துக்கு விதை கேட்டாள்.

இதற்கிடையில் ஒவ்வொரு பொங்கலுக்கும், “லீவு போட்டுகினு வரட்டுமாப்பா?” என்பாள். “உனக்கு எதுக்கும்மா அலைச்சல், நாங்க நல்லாத்தான் கீறோம்” என்பேன். பிள்ளைகளுக்குத் தொந்தரவு கொடுக்கிற தகப்பன் நான் இல்லை.

இந்த வருடம் மே மாதம், நான் நாள் குறித்துச் சொன்ன மறுநாள், என் மனைவி பாஞ்சாலை போனை எடுத்துப் பார்த்தாள்.

“என்னாங்க இது? ஆரணியில மைனஸ் மூணா?”

“அது தேவி ஊரு.”

“தெரிஞ்சேவா நேத்து நடச் சொன்னீங்க?” சமையலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். “அட பாவி மனுஷா! கொழந்தை எட்டு வாரம் தண்ணி ஊத்தி வளக்குது, இங்கருந்துகினே கொன்னுகினு கீறீங்களா? வாயத் தொறந்து வாடின்னு ஒரு வார்த்தை சொன்னா முத்து கொட்டிடுமா?”

நான் யாரையும் எதையும் கேட்கிறவன் இல்லை என்று பொறுமையாக விளக்கினேன். அவள் இரண்டு நாள் எனக்குக் காபி தரவில்லை.

இந்த முறை கால்கரியிலிருந்து அழுகை எதுவும் வரவில்லை. கேட்கவும் எனக்குத் தைரியமில்லை. ஆகஸ்டில் ஒரு காலை தேவி வீடியோவில் வந்தாள். கையில் ஊதா நிறத்தில் பளபளவென்று ஒரு கத்தரிக்காய். பின்னால் மருமகன் கிரண், சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றிருந்தார்.

“காய்ச்சிடுச்சிப்பா! இந்த வாட்டி நீ சொன்ன நாள்ல நடல. இவர்தான், ‘உங்கப்பா நடுன்னா மூணு வாரம் கழிச்சி நடு’ன்னாரு.”

“மாமா வெதர் சொன்னா தப்பாதுங்க” என்றார் கிரண். “தலைகீழா எடுத்துக்கணும், அவ்ளோதான்.”

பாஞ்சாலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தேவி காயை இன்னும் அருகில் காட்டினாள். “சொன்ன சொல்லு சொல்லுதான். எப்போ வந்து பறிக்கப் போற?”

வேர் பிடித்துவிட்டது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

“உன் செடிங்களக் கொன்னது பனி இல்லம்மா, நான்தான். பனி விழும்னு தெரிஞ்சிதான் ரெண்டு வருஷமும் நடச் சொன்னேன். இந்த வருஷமும் அதான்.”

அவள் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. கிரண் மெல்ல நகர்ந்துவிட்டார். அவள் கத்தரிக்காயைக் கீழே வைத்தாள்.

“லோகுவையுமாப்பா?”

“லோகுவையும்.”

“ஏம்பா?”

மூன்று வருடமாக ஒரு வாக்கியத்தை மனதுக்குள் தயாராக வைத்திருந்தேன். அந்த ஊரை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிடு என்று அது முடியும். வாயைத் திறந்தபோது அதில் பாதிகூட வெளியே வரவில்லை.

“பொங்கலுக்கு ஒரு வாட்டி வந்துட்டுப் போம்மா” என்றேன்.