கூட்ரோட்டில் திரும்பும் ஆட்டோ

சுவரில் ஒட்டுகிற மஞ்சள் சீட்டுகளை நான் செஞ்சியில் வாங்குவதில்லை, மேடம். இங்கே கிடைப்பது காலையில் ஒட்டினால் மாலைக்குள் உதிர்ந்துவிடும். விழுப்புரத்திலிருந்து வரவழைப்பேன். விலை கூடத்தான். ஆனால் ஒட்டியது ஒட்டிய இடத்தில் நிற்க வேண்டும் எனக்கு.

உங்கள் ஏட்டு எழுதியதைப் படித்துக் காட்டினார். "ராஜாராம் மறதியாக விட்டுவிட்டதால்" என்று எழுதியிருக்கிறார். நல்ல மனுஷன், எனக்கு உதவி செய்வதாக நினைத்திருப்பார். அந்த வார்த்தையை எடுத்துவிடுங்கள். எனக்கு மறதி கிடையாது.

என் தொழில் என்ன என்று இந்த ஊரில் பாதிப்பேருக்குத் தெரியாது. திருவண்ணாமலை ரோட்டில் மாடியில் ஏதோ கம்ப்யூட்டர் சென்டர் என்று நினைக்கிறார்கள். புதிதாகக் கம்பெனி தொடங்குகிறவர்கள் கையில் ஒரு யோசனையோடு வருவார்கள். திங்கள்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவோம், தோன்றுவதையெல்லாம் அந்த மஞ்சள் சீட்டுகளில் எழுதிச் சுவரில் ஒட்டுவோம். வெள்ளிக்கிழமைக்குள் அந்த யோசனைக்கு ஒரு மாதிரி செய்து, நிஜ மனிதர்கள் கையில் கொடுத்துப் பார்ப்போம். டிசைன் ஸ்பிரிண்ட் என்று பெயர். மாதிரி என்றால் முன்பக்கம் மட்டும்தான், சினிமாவுக்குப் போடுகிற செட்டு வீடு போல. பொத்தானை அழுத்தினால் அடுத்த படம் வரும், அதற்குப் பின்னால் ஒன்றும் இருக்காது.

அது வெறும் படம் என்று பார்க்க வந்தவர்களிடம் சொல்லக்கூடாது. சொன்னால் விளையாட்டாக அழுத்துவார்கள். அவர்கள் திணறினாலும் உதவக்கூடாது, வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். ஏதாவது கேட்டால், "உங்களுக்கு என்ன தோணுது?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். சென்னையில் பத்து வருஷம் இதைத்தான் செய்தேன். ஒரு தடவையும் மீறியதில்லை.

விமல்ராஜ் அவலூர்பேட்டைக்காரன். எஞ்சினியரிங் முடித்தவன், வயதுக்கு மீறிய வாய். அவனுடைய சித்தப்பா பாம்பு கடித்துச் செத்தவர். அதனால் ஒரு யோசனை: போனில் ஒரு பொத்தானை அழுத்தினால், பக்கத்திலிருக்கும் ஆட்டோ வந்து, விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். நல்ல யோசனை. அதை என்னிடம் கொண்டுவந்தவனே புதன்கிழமை பல்டி அடித்தான்.

"பாம்பு கடிச்சா எவன்ணா போனைத் தேடுவான்? பக்கத்து ஊட்டுக்காரன் பைக்கத்தான் தேடுவான். ஊருக்கு ஊரு செவுத்துல ஒரு நம்பர எழுதிப் போட்டா போதும்ணா" என்றான்.

நான் பொறுமையாகச் சொன்னேன். திரையைச் சரியாகச் செய்தால் ஜனங்கள் நம்புவார்கள், வண்டி வருவது கண்ணுக்குத் தெரிந்தால் காத்திருப்பார்கள் என்றேன். சிவப்புப் பொத்தான். அழுத்தினால் வரைபடம். அதில் ஒரு சின்ன ஆட்டோ செஞ்சியிலிருந்து கிளம்பும், வல்லம் கூட்ரோட்டில் திரும்பும், வயலை நெருங்கும். நெருங்கியதும் மறுபடி முதலிலிருந்து கிளம்பும். அதற்குமேல் யாரும் பார்க்கப் போவதில்லை என்று அப்படி விட்டிருந்தோம்.

வெள்ளிக்கிழமை வந்தவர்களில் மீனம்பாள் ஒருத்தி. வல்லத்துப் பக்கம், குத்தகை நிலத்தில் மல்லாட்டை, வேர்க்கடலைதான், போட்டிருக்கிறார்கள், அவளும் அவள் புருஷன் பச்சைமுத்துவும். அவரவர் போனில் பார்த்தால்தான் கை இயல்பாகப் போகும் என்பதால் அவள் போனிலேயே ஏற்றிக் கொடுத்தேன். என்ன அழகாக அழுத்தினாள் தெரியுமா. ஆட்டோ நகர்வதைப் பார்த்து அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"நெசமா வண்டி வந்துருமா தம்பி?"

"உங்களுக்கு என்ன தோணுதுங்கம்மா?"

"வரும்னுதான் தோணுது. இது இருந்தா அவரு தைரியமா செடி புடுங்கப் போவாரு. போன்லயே இருக்கட்டும் தம்பி, எடுத்துடாத."

எடுத்துவிட வேண்டும் என்பதுதான் முறை. நான் எடுக்கவில்லை. இதை மறதி என்று நீங்கள் எழுதினால்கூட ஒத்துக்கொள்வேன். அன்றைக்கு எனக்குச் சந்தோஷம், அவ்வளவுதான்.

திங்கள்கிழமை சென்னையிலிருந்து பணம் போடுகிறவர்கள் வந்தார்கள். மீனம்பாள் அழுத்துகிற வீடியோவைப் போட்டுக் காட்டினேன். பாதியில் விமல்ராஜ் எழுந்தான்.

"டீயும் வடையும் குடுத்து ஃபேனுக்கடியில உக்கார வெச்சா யாராயிருந்தாலும் அழுத்துவாங்கண்ணா. நெலத்துல பாம்பு கடிச்சப்பறம் அழுத்துறாங்களா பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். என் ஆபீசில், என் நாற்காலிகளில் உட்கார்ந்துகொண்டு சிரித்தார்கள். சுவரில் நம்பர் எழுதுவது என்று அங்கேயே முடிவானது. நான் ஒட்டிய சீட்டுகளை அவனே பிய்த்து எடுத்தான். விழுப்புரத்துச் சீட்டு, லேசில் வராது. நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தான். கிழிந்து விழுந்த துண்டுகளை நான் ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். இப்போதும் என் மேஜை டிராயரில் இருக்கின்றன.

அன்று சாயங்காலம் மீனம்பாள் போனில் அது இன்னும் இருப்பது ஞாபகம் வந்தது. என் கம்ப்யூட்டரிலிருந்தே அணைத்துவிடலாம். விரலை அதன்மேல் வைத்தேன். நிலத்துல அழுத்துறாங்களா பாருங்க என்றானே, பார்ப்போமே என்று அணைக்காமல் விரலை எடுத்துக்கொண்டேன்.

போன வியாழக்கிழமை மத்தியானம் நான் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்தத் திரையை யார் தொட்டாலும் என் கம்ப்யூட்டரில் தெரியும். தெரிந்தது. மீனம்பாள். விரல் தடுமாறவேயில்லை, நேராகச் சிவப்பில் போய் நின்றது. ஆட்டோ கிளம்பியது. சும்மா அழுத்திப் பார்க்கிறாளோ என்று முதலில் நினைத்தேன். கூட்ரோட்டில் திரும்பியது, நெருங்கியது, மறுபடி கிளம்பியது. அவள் திரையை விட்டுப் போகவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

அப்புறம் என் போன் அடித்தது. இவ்வளவு நேரமாக நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது அந்தப் போனைப் பற்றித்தான். வெள்ளிக்கிழமை வழி கேட்பதற்காக என் நம்பரை வாங்கியிருந்தாள்.

"தம்பி, அவர நல்ல பாம்பு போட்டுட்டுது தம்பி. கண்ணு சொருவுது. வண்டி கிட்ட வந்துட்டுப் பின்னால போவுது. இன்னா தம்பி அது?"

பின்னால் ஒரு பைக் உறுமிக்கொண்டிருந்தது. பக்கத்து நிலத்துக் கலியபெருமாள். உங்களிடம் சாட்சி சொன்னாரே, அவர்தான். அவர் கத்தியது எனக்கும் கேட்டது.

"ஏத்துக்கா மாமாவ, நான் கொண்டுபோறேன். ஏன்க்கா நிக்கிற?"

அவள் என்னைத்தான் கேட்டாள்.

"இதுல ஏத்தட்டுமா தம்பி, அந்த வண்டி வந்துருமா?"

விமல்ராஜ் கேட்ட கேள்வியேதான், மேடம். இந்தப் பக்கம் பைக், அந்தப் பக்கம் என் திரை. டீ இல்லை, வடை இல்லை, ஃபேன் இல்லை. நான் குரலை உயர்த்தவில்லை. எப்போதும் கேட்பது போலவே கேட்டேன்.

"உங்களுக்கு என்ன தோணுதுங்கம்மா?"

பைக் உறுமலுக்கு நடுவே பச்சைமுத்து மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"திரும்பிட்டுது. வந்துரும். இருப்பா கலியபெருமாளு, ஆட்டோவுல படுக்க வெச்சே கொண்டுபோயிடலாம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அரை மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராம். இருக்கலாம். எனக்கு அந்த மனுஷன்மேல் எந்த விரோதமும் இல்லை, அவரை நான் பார்த்ததுகூட இல்லை. அவள் கடைசியில் பைக்கில் ஏற்றுகிற வரைக்கும் ஆட்டோ எத்தனை முறை திரும்பியது என்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்துதான் செய்தேன். நான் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை என்பதையும் கூடவே எழுதுங்கள்.

எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால் விமல்ராஜை ஒருமுறை வரச்சொல்லுங்கள். பைக் பக்கத்திலேயே நின்றும் அவள் ஏற்றவில்லை என்பதை அவன் என் எதிரில் உட்கார்ந்து தன் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும்.